சதுக்கத்துக்கு வேலி!

இஸ்தான்புல் நகரிலே தக்சிம் என்றொரு சதுக்கம். அதன் நடுவிலே, சுமார் 11 மீட்டர் உயரத்தில் ஒரு நினைவுச் சின்னம். துருக்கிக் குடியரசு பிறந்த கதையைச் சொல்லும் கல்லும் வெண்கலமும். ஆண்டின் பெரும்பாலான நாட்களில் அங்கே யாரும் போகலாம். புறாவுக்கு இரை போடலாம், படம் எடுத்துக்கொள்ளலாம், எள் தூவிய வட்ட ரொட்டியைத் தின்றுகொண்டே நண்பனுக்காகக் காத்து நிற்கலாம். மே மாதம் முதல் தேதி வந்தால் மட்டும், அந்தச் சின்னம் சிறை வைக்கப்படுகிறது! சுற்றிலும் இரும்புத் தட்டிகள். தட்டிகளுக்குப் பின்னே போலீஸ். சதுக்கத்துக்குச் செல்லும் தெருக்கள் அடைபடுகின்றன. பூமிக்கடியில் ஓடும் ரயில் அந்த நிலையத்திலே நிற்பதில்லை. 2024 மே நாளன்று அந்த ஒரு நகரில் மட்டும் 42,000க்கும் அதிகமான போலீசார் நிறுத்தப்பட்டனர். 200க்கும் மேற்பட்டோர் பிடிக்கப்பட்டனர். 2025இல் பிடிபட்டோர் தொகை 400ஐத் தாண்டிற்று.

படையெடுத்து வந்த பகைவன் யார்? தொழிலாளி. அவன் கையிலே இருந்த ஆயுதம் என்ன? கொடி!

எங்கோ இருக்கும் துருக்கியிலே ஏதோ ஒரு சதுக்கம், அதைப் பற்றி நமக்கென்ன கவலை என்று சிலர் கேட்கக்கூடும். கமால் பாட்சாவின் பெயர் நம் நாட்டு மேடைகளிலே முழங்கிய காலம் உண்டு. கலீபா பதவியை ஒழித்தவர், பெண்ணுக்கு வாக்குரிமை தந்தவர், எழுத்தையே மாற்றியவர் என்று அவரைப் பற்றி நம்மவர் பேசியும் எழுதியும் மகிழ்ந்ததுண்டு. அந்தக் கமாலின் சிலை நிற்கும் இடத்தைத்தான் இன்று கூறுகிறோம். அதைச் சுற்றி நடந்த 'அழகுபடுத்தும்' வேலையைப் பற்றித்தான் பேசுகிறோம். ஊரை அழகுபடுத்துகிறோம் என்று ஓர் ஆட்சி கிளம்பினால், அதன் பின்னே என்னென்ன கிளம்பும் என்பதை அறிய தக்சிமைப் போல வேறு பாடம் கிடைப்பது அரிது.

தக்சிம் என்ற சொல்லுக்குப் பங்கீடு என்று பொருள். பதினெட்டாம் நூற்றாண்டிலே, சுல்தான் முதலாம் மஹ்மூத் காலத்திலே, நகரின் வடக்கே இருந்து வந்த தண்ணீரை இங்கே தேக்கி, பேட்டை பேட்டையாகப் பங்கிட்டு அனுப்பினார்கள். அந்தப் பங்கீட்டு மண்டபம் இன்றும் சதுக்கத்தின் ஓரத்திலே நிற்கிறது. தண்ணீரைப் பங்கிட்ட இடம்! பின்னாளில் அந்த இடத்தையே பங்கிட முடியாமல் ஒரு நாடு தவிக்கும் என்று அதைக் கட்டிய கொத்தன் கனவிலும் கருதியிருக்க மாட்டான்.

1928 ஆகஸ்ட் 8ஆம் நாள் குடியரசுச் சின்னம் அங்கே திறக்கப்பட்டது. செய்தவர் இத்தாலியச் சிற்பி பியெத்ரோ கனோனிகா. செலவுக்கு மக்கள் நன்கொடை தந்தனர். ஒரு பக்கத்திலே படைத் தலைவராகக் கமால். மறு பக்கத்திலே குடிமகனுக்குரிய உடையிலே கமால், அவரருகே இஸ்மத் இனோனு, பவ்சி சக்மக் ஆகிய தோழர்கள். பின்னால் நிற்போரில் சோவியத் நாட்டவரும் உண்டு. விடுதலைப் போரில் அந்நாடு செய்த உதவிக்கு நன்றியாக அவர்களையும் செதுக்கச் சொன்னார் கமால். சின்னம் திறந்த மறுநாள், ஆகஸ்ட் 9ஆம் தேதி, அதே நகரின் மற்றொரு மூலையிலே நடந்த விழாவிலே, அரபு எழுத்தை விட்டு இலத்தீன் எழுத்துக்கு மாறப்போகிறோம் என்று அறிவித்தார். ஒரு நாள் சிலை, மறுநாள் எழுத்து! அந்த வேகத்தை இன்று நினைத்தாலும் வியப்பாக இருக்கிறது.

பழைய இஸ்தான்புல் எங்கே? சுல்தானின் அரண்மனையும் பெரிய மசூதிகளும் உள்ள முனையிலே. புதிய குடியரசு தன் சின்னத்தை அங்கே வைக்கவில்லை. தள்ளி, தக்சிம் மேட்டிலே வைத்தது. சுல்தானுக்கு ஓரிடம், மக்களுக்கு ஓரிடம் என்பது கருத்து. 1936இல் ஹென்றி புரோஸ்ட் என்ற பிரெஞ்சு நகரமைப்பு நிபுணரை அழைத்து நகருக்குத் திட்டம் போடச் சொன்னார்கள். சதுக்கத்தை ஒட்டி, 1806இல் கட்டப்பட்ட பீரங்கிப் படை முகாம் ஒன்று இருந்தது. 1909 கலகத்திலே அடிபட்டுச் சிதைந்தது. பிறகு அதன் முற்றம் கால்பந்து மைதானமாயிற்று. குடியரசு பிறப்பதற்கு மூன்று நாள் முன்பு, 1923 அக்டோபர் 26ஆம் தேதி, துருக்கியின் முதல் தேசிய கால்பந்து ஆட்டம் ருமேனியாவுக்கு எதிராக அங்கேதான் நடந்தது. 1940இல் அந்த முகாமை இடித்துத் தள்ளிப் பூங்கா போட்டார்கள். அதுதான் கெஸி பூங்கா.

குடியரசுக் கட்சிக்காரர்கள் குற்றமற்றவர்கள் என்று நாம் சான்றிதழ் எழுதப் போவதில்லை. பூங்காவுக்கு அருகே ஆர்மீனியரின் பழைய இடுகாடு இருந்தது. அதையும் அழித்தார்கள், கல்லறைக் கற்கள் பூங்காவின் படிகளுக்குப் போயின என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். பூங்காவிலே அதிபர் இனோனு குதிரைமேல் அமர்ந்த சிலைக்குப் பீடமும் கட்டினார்கள். 1950இல் தேர்தல் வந்தது. இனோனுவின் கட்சி தோற்றது. பீடத்துக்குச் சிலை வரவேயில்லை! பல ஆண்டுகள் கழித்து, அந்தக் குதிரை வேறொரு பூங்காவுக்குப் போய்ச் சேர்ந்தது. ஆட்சியில் இருப்போர் தமக்குத் தாமே சிலை வைக்கப் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு அந்தக் காலிப் பீடம் நல்ல விளக்கம்.

ஆனால், ஆண்டவர்கள் போட்ட திட்டம் வேறு. அந்த இடம் அடைந்த பொருள் வேறு. குடியரசு விழாவுக்கென்று அமைத்த சதுக்கத்தைத் தொழிலாளர் தமதாக்கிக் கொண்டனர். 1969 பிப்ரவரி 16ஆம் நாள் அமெரிக்கக் கடற்படையின் வருகையை எதிர்த்து ஊர்வலமாக வந்தவர்கள்மேல் வலதுசாரிக் கும்பல் பாய்ந்தது, இருவர் மாண்டனர். 1977 மே முதல் நாள்? அதைச் சொல்ல வேண்டுமானால் நெஞ்சைக் கல்லாக்கிக் கொள்ள வேண்டும். சுமார் 5 லட்சம் மக்கள் திரண்டிருந்தனர். தொழிற்சங்கத் தலைவர் கெமால் துர்க்லர் பேசிக்கொண்டிருந்தார். உயரமான கட்டடங்களின் பக்கமிருந்து துப்பாக்கிச் சத்தம். கூட்டம் கலைந்து ஓடியது. கசான்சி என்ற சரிவான சந்து வழியே ஓடியவர்களுக்கு, வழியை மறித்து ஒரு லாரி நின்றது. குண்டு பட்டுச் செத்தவர் சிலர். மிதிபட்டும் மூச்சுத் திணறியும் செத்தவர் பலர். குறைந்தது 34 உயிர்கள். சுட்டவன் யார்? இன்றுவரை ஒருவனும் தண்டிக்கப்படவில்லை.

சுட்டவனைத் தேடாத சர்க்கார், சுடப்பட்டவர்கள் கூடிய இடத்தைப் பூட்டியது. 1979இல் தடை. 1980இல் இராணுவப் புரட்சி. பிறகு கேட்க வேண்டுமா! முப்பது ஆண்டு ஓடிற்று. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை வழக்குப் போயிற்று. 2010இல்தான் கதவு திறந்தது. 2010, 2011, 2012 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் லட்சக்கணக்கான தொழிலாளர்கள் தக்சிமிலே மே நாள் கொண்டாடினர். வானம் இடிந்து விழுந்ததா? இல்லை. கடைக் கண்ணாடி நொறுங்கியதா? இல்லை. பாடினார்கள், ஆடினார்கள், வீட்டுக்குப் போனார்கள். வாசகர்கள் இந்த மூன்று ஆண்டுகளையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

இந்தச் சமயத்திலேதான் 'சீரமைப்பு' வருகிறது.

2011 தேர்தலுக்கு முன், அன்று பிரதமராக இருந்த எர்டோகன் தக்சிமை மாற்றியமைக்கப் போவதாக அறிவித்தார். மோட்டார் வண்டிகளைச் சுரங்கத்துக்குள் அனுப்புவது. மேலே நடப்பவர்களுக்கு மட்டும் இடம். 1940இல் இடித்த படை முகாமை அதே தோற்றத்தில் பூங்காவின் இடத்தில் எழுப்புவது. இதில் முதல் பாதியைப் பற்றி நமக்குப் பெரிய வருத்தமில்லை. அந்தச் சதுக்கத்திலே பஸ்ஸும் டாக்சியும் அடைத்துக்கொண்டு நின்றது உண்மை. புகை குடித்துக்கொண்டு நடந்தவர்களுக்கு விடிவு வேண்டும் என்பதும் உண்மை. நடப்பவனுக்கு இடம் கொடு என்றால் யார் மறுப்பார்?

நடப்பவனுக்குக் கொடுக்கிறோம் என்ற திட்டத்தை, நடப்பவனைக் கேட்காமல் போட்டார்களே, அங்கேதான் கோளாறு. கட்டடக் கலைஞர் சங்கத்தார் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு கேட்டார்கள்: சுரங்க வாயில்களும் பக்கச் சுவர்களும் வந்தால் சதுக்கத்துக்கு நடந்து வரும் வழி குறுகிப் போகாதா, ஊர்வலம் வர முடியாமல் ஆகாதா என்று. அசட்டுக் கேள்வியா அது? வண்டிக்கு அகலமான பாதை, காலுக்கு ஒடுங்கிய பாதை என்றால், பெரிய கூட்டத்தைத் தடுக்கச் சட்டமே தேவையில்லை, கொத்தன் போதும். முகாமோ, உள்ளே கடைகள் வரும், விடுதி வரும் என்று பேச்சு அடிபட்டது. நகரின் நடுவிலே மிஞ்சி நின்ற சில நூறு மரங்களுக்குப் பதிலாக, ஒரு சுல்தான் காலத்துச் சுவரின் நகல்! பாதுகாப்புக் குழு மறுத்தது. மேல் குழு அந்த மறுப்பைத் தள்ளியது.

2013 மே நாள் வந்தது. தக்சிமில் கூட்டத்துக்குத் தடை! காரணம்? கட்டட வேலை நடக்கிறதாம், பள்ளம் தோண்டியிருக்கிறதாம், மக்கள் விழுந்துவிடுவார்களாம்! என்ன கருணை! பள்ளம் அந்த ஆண்டே மூடப்பட்டது. தடை மட்டும் மூடப்படவில்லை.

அதே மே மாதக் கடைசியிலே புல்டோசர் பூங்காவுக்குள் நுழைந்தது. ஐம்பது பேர் போலக் கூடி மரங்களின் முன்னே நின்றனர். கூடாரம் அடித்துத் தங்கினர். மே 30 விடியற்காலையிலே கண்ணீர்ப் புகை, கூடாரங்களுக்குத் தீ. அந்தத் தீ நாடெங்கும் பற்றிக்கொண்டது. துருக்கியின் 81 மாகாணங்களில் ஒன்றிரண்டு நீங்கலாக எல்லாவற்றிலும் மக்கள் தெருவுக்கு வந்தனர். பூங்காவுக்குள்ளே நூல் நிலையம், சமையல் கூடம், மருத்துவ உதவி என்று இரண்டு வாரம் ஒரு சிறு ஊரே நடந்தது. ஜூன் 15இல் போலீஸ் அதைக் கலைத்தது. கூட்டமாக நின்றால் அடிப்பார்கள் என்றானபின், ஒரு நடனக் கலைஞர் தனியாக வந்தார். சதுக்கத்திலே கமாலின் படத்தை நோக்கியபடி, பேசாமல், அசையாமல் மணிக்கணக்காக நின்றார். நிற்பது எந்தச் சட்டப்படி குற்றம் என்று போலீசுக்கே குழப்பம்! அந்தக் கிளர்ச்சியிலே மாண்டவர்களில், ரொட்டி வாங்கப் போனான் என்று பெற்றோர் சொன்ன சிறுவன் ஒருவனும் உண்டு. புகைக் குண்டு தலையிலே பட்டு, ஒன்பது மாதம் நினைவின்றிக் கிடந்து, 2014 மார்ச்சிலே, பதினைந்தாம் வயதிலே கண்மூடினான்.

முகாம் கட்டப்படவில்லை. மரங்கள் நிற்கின்றன. ஆகவே மக்கள் வென்றார்கள் என்று முடித்துவிடலாமா? கொஞ்சம் பொறுங்கள்.

முன்வாசலில் தோற்ற திட்டம் பக்க வாசல் வழியே வந்தது. சதுக்கத்தின் ஒரு பக்கத்திலே கமாலின் பெயர் தாங்கிய கலை மன்றம், 1969இல் திறந்தது, இருந்தது. 2008இல் மூடினார்கள், பத்தாண்டு பாழடைய விட்டார்கள், 2018இல் இடித்தார்கள். புதிய கட்டடம் 2021 அக்டோபர் 29ஆம் தேதி, குடியரசு நாளன்று திறந்தது. பழையதைக் கட்டிய கலைஞரின் மகனே புதியதைக் கட்டினார் என்பதையும், முன் தோற்றம் பழையதை ஒத்திருக்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். எதிர்ப் பக்கத்திலே பெரிய மசூதி எழுந்தது. தொழுகைக்கு இடம் போதவில்லை என்ற குறை அங்கே நெடுநாளாக உண்டு. தொழ வருபவனுக்குக் கூரை கிடைத்ததிலே நமக்கு ஒரு முணுமுணுப்பும் இல்லை. பக்கத்திலேயே 1880இலிருந்து கிரேக்கர்களின் மாதா கோயில் நிற்கிறது. அதுவும் இருக்கட்டும், இதுவும் இருக்கட்டும். ஆனால் மசூதியைத் திறக்க எந்த நாளைத் தேர்ந்தெடுத்தார்கள்? 2021 மே 28. கெஸி கிளர்ச்சி தொடங்கிய நாள்! தொழுகைக்காகத் திறந்தார்களா, பழைய கணக்கைத் தீர்க்கத் திறந்தார்களா என்று ஊரார் கேட்டால் அதற்குப் பொறுப்பு யார்? அதே ஆண்டு மார்ச்சில் கெஸி பூங்காவின் உரிமை மாநகராட்சியின் கையிலிருந்து பறிக்கப்பட்டு, ஒட்டாமன் சுல்தான் பெயரால் அமைந்த ஓர் அறக்கட்டளைக்கு எழுதி வைக்கப்பட்டது.

மாநகராட்சியிடமிருந்து ஏன் பறிக்க வேண்டும்? 2019இல் அது எதிர்க்கட்சியின் கைக்குப் போய்விட்டது! இமாமோக்லு வென்றார், தேர்தலைச் செல்லாது என்றார்கள், மறு தேர்தலில் 8 லட்சம் வாக்கு வித்தியாசத்தில் மீண்டும் வென்றார். அவர் தக்சிமுக்கு ஒரு போட்டி வைத்தார். கலைஞர்கள் வரைபடம் தரட்டும், நடுவர் மூன்றைத் தேர்ந்தெடுக்கட்டும், மூன்றில் எது என்று ஊர் மக்கள் வாக்களிக்கட்டும் என்றார். 2020இல் வாக்கெடுப்பு நடந்தது; லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாக்களித்தனர். சதுக்கம் எப்படி இருக்க வேண்டும் என்று சதுக்கத்தில் நடப்பவனைக் கேட்டது, அந்த இடத்தின் வரலாற்றிலே அதுதான் முதல் தடவை. சுல்தானும் கேட்கவில்லை, புரோஸ்டும் கேட்கவில்லை, கமாலும் கேட்கவில்லை. வாக்களித்த மக்களுக்கு அந்தச் சதுக்கம் கிடைத்ததா? வரைபடம் வரைபடமாகவே நின்றது. வாக்குக் கேட்டவர் 2025 மார்ச்சில் கைது செய்யப்பட்டுச் சிறைக்கு அனுப்பப்பட்டார்.

சிறை என்றதும் மற்றவர்களையும் சொல்ல வேண்டும். கெஸி கிளர்ச்சியைத் தூண்டியதாக வழக்கு. தொழிலதிபரும் கலைப் புரவலருமான உஸ்மான் கவாலா 2017 அக்டோபரில் பிடிக்கப்பட்டார். 2019இல் ஐரோப்பிய நீதிமன்றம் அவரை விடு என்றது. 2020இல் உள்நாட்டு நீதிமன்றமே விடுதலை என்றது. சிறை வாசல் தாண்டுமுன் வேறு குற்றச்சாட்டு! 2022 ஏப்ரலில் ஆயுள் தண்டனை. கூடவே ஏழு பேருக்கு 18 ஆண்டு. யார் அந்த ஏழு பேரிலே? வரைபடத்தை விரித்துக் கேள்வி கேட்ட கட்டடக் கலைஞர், ஒரு நகரமைப்பு அறிஞர், ஒரு வழக்கறிஞர்! வழக்கறிஞர் ஜான் அத்தலாயை 2023இல் ஹத்தாய் மாகாண மக்கள் சிறையிலிருந்தபடியே பாராளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுத்தனர். அரசியல் சட்ட நீதிமன்றம் இருமுறை அவர் பக்கம் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 2024 ஜனவரியில் பதவியையே பறித்தார்கள். நீதிமன்றத்தோடு நீதிமன்றம் மோதும் அதிசயத்தையும் அந்த நாடு கண்டது. எல்லாம் எதற்காக? ஒரு பூங்காவுக்காக!

தக்சிமிலே கூட்டம் கூடினால் ஆபத்து, போக்குவரத்து கெடும், பயங்கரவாதிகள் புகுவார்கள் என்கிறது ஆட்சி. சரி. 2016 ஜூலை 15ஆம் தேதி இரவு இராணுவத்தில் ஒரு பிரிவு ஆட்சியைக் கவிழ்க்க முயன்று தோற்றதே, அதற்குப் பின் என்ன நடந்தது? தெருவுக்கு வாருங்கள் என்று எர்டோகனே அழைத்தார். வாரக்கணக்கில், இரவு இரவாக, தக்சிமிலே கூட்டம்! கொடியும் பாட்டும் முழக்கமும்! பஸ்ஸிலும் ரயிலிலும் இலவசப் பயணம்! நாட்டில் அதைவிடப் பதற்றமான நாட்கள் இருந்திருக்க முடியுமா? அப்போது வராத ஆபத்து, மே முதல் தேதி மட்டும் எந்த வழியாக வருகிறது?

கூட்டம்தானே வேண்டும், வேறு இடம் தருகிறோம் என்கிறார்கள். தந்தும் இருக்கிறார்கள். மர்மரா கடலோரத்திலே, யெனிகாபியிலே, கடலைத் தூர்த்துப் பத்து லட்சம் பேர் நிற்கும்படி ஒரு திடல் 2014இல் அமைத்தார்கள். பரந்த திடல்தான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே பேசினால் யார் காதிலே விழும்? எதிரே கடல், பின்னே மோட்டார் சாலை. கடைக்குப் போகிறவன், வேலை முடிந்து வருகிறவன், சும்மா எட்டிப் பார்க்கிறவன் எவனும் அங்கே இல்லை. அலைதான் கை தட்ட வேண்டும்! கூட்டத்தை ஊரிலிருந்து பிரித்துக் கொண்டுபோய் வைக்கும் வித்தை அது. உலகெங்கும் ஆட்சியாளர்கள் இந்த வித்தையைக் கற்று வருகிறார்கள்.

2023இல் துருக்கியின் அரசியல் சட்ட நீதிமன்றம், முந்தைய ஆண்டுகளில் தக்சிமில் மே நாளுக்கு விதித்த தடை கூட்டம் கூடும் உரிமையை மீறியது என்றும், அந்த இடம் தொழிலாளருக்குத் தனிப் பொருள் உடையது என்றும் தெளிவாகக் கூறிற்று. தீர்ப்பைக் கையிலே பிடித்துக்கொண்டு 2024இல் தொழிலாளர் கிளம்பினர். பழைய ரோமானியர் கட்டிய நீர்ப்பாலத்தின் வளைவுகளுக்கு அருகே, சரச்சானேயிலே, அவர்களை மறித்தது போலீஸ் அணி. அந்த வளைவுகளைத் தாண்ட முடியவில்லை. தக்சிம் அங்கிருந்து மூன்று கிலோமீட்டர் போல இருக்கும்.

அன்று காலையில் சங்கத் தலைவர்கள் சிலரை மட்டும், தலையை எண்ணி, சதுக்கத்துக்குள் விட்டார்கள். ஆண்டுதோறும் உள்ள வழக்கம் அது. சின்னத்தின் அடியிலே ஒரு மலர் வளையம், 34 பேர் மாண்டதற்காகச் சிவப்பு மலர்கள் கொஞ்சம், ஒரு நிமிட மௌனம். பத்துப் பதினைந்து பேர் நிற்க, அவர்களைச் சுற்றி அவர்களைப் போலப் பல மடங்கு போலீசார் நின்றனர். அவர்கள் வெளியே வந்ததும் இரும்புத் தட்டியை மீண்டும் இழுத்து மூடினார்கள்.